அப்பாவின் ஒலிம்பஸ் டிரிப் 35, உள்ளே 22-இல் நிற்கும் ரோல்: திறக்கலாமா?

காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் வீட்டைக் காலி செய்தபோது ட்ரங்குப் பெட்டியின் அடியில், அம்மாவின் கூறைப்புடவைக்குக் கீழே, தோல் உறையோடு ஒரு ஒலிம்பஸ் டிரிப் 35 கிடைத்தது. அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தபோது வாங்கியது. 1981-இல் முதல் லீவுக்கு வந்தபோது கழுத்தில் மாட்டிக்கொண்டே பஸ்ஸை விட்டு இறங்கினார் என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பா இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் கேமராவைக் கடைசியாக அவர் கையில் எடுத்தது என் தம்பியின் காதுகுத்துக்கு, 1996-இல். அதன் பிறகு யாரும் தொட்டதாக அம்மாவுக்கு நினைவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேலே எண் காட்டும் சின்னக் கண்ணாடியில் 22 என்று நிற்கிறது. அப்படியென்றால் உள்ளே ரோல் இருக்கிறதா? திறந்து பார்க்கக் கை துறுதுறுக்கிறது, ஆனால் பயமாகவும் இருக்கிறது. மீதி 14 படத்தை நானே எடுத்து முடித்துவிட்டுக் கழுவக் கொடுக்கலாமா, இல்லை அப்படியே கொடுப்பதுதான் சரியா? பேட்டரி போடும் இடத்தை அரைமணி நேரம் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்குள் வைத்து ஒரு தடவை பட்டனை அழுத்திப் பார்த்தேன், அழுந்தவில்லை. கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலில் கீழிருந்து சிவப்பாக ஏதோ எழும்பி வந்து நின்றது. உடைத்துவிட்டேனோ என்று அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஃபிலிம் கேமராவில் இதுவரை ஒரு படம்கூட எடுத்ததில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

இருட்டறை

முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள், நீங்கள் எதையும் உடைக்கவில்லை. அந்தச் சிவப்புதான் இந்தக் கேமராவின் நல்ல செய்தி. வெளிச்சம் போதாத இடத்தில் அழுத்தினால் சிவப்புக் கொடி எழும்பி, ஷட்டரைப் பூட்டி, ரோல் வீணாகாமல் தடுத்துவிடும். அதற்காகவே வைத்த அமைப்பு. நாற்பது வருடம் தாண்டியும் அது எழும்புகிறது என்றால் உள்ளே இருக்கும் இயந்திரம் பிடித்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

பேட்டரி கிடையாது, அதனால்தான் இடம் கிடைக்கவில்லை. லென்ஸைச் சுற்றித் தேன்கூடு மாதிரி குமிழ் குமிழாக ஒரு கண்ணாடி வளையம் இருக்கிறதல்லவா, அதன் பின்னால் செலினியம் செல் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதுவே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கி ஒரு முள்ளை நகர்த்தும். முள் நிற்கும் இடத்தைப் பார்த்துக் கேமராவே அப்பர்ச்சரையும் (வெளிச்சம் உள்ளே வரும் ஓட்டையின் அளவு) ஷட்டர் வேகத்தையும் வைத்துக்கொள்ளும். வேகமும் இரண்டே இரண்டுதான், நல்ல வெளிச்சத்துக்கு 1/200 விநாடி, மங்கலுக்கு 1/40. 1967-இலிருந்து 1984 வரை இதைப் பெரிய மாற்றம் இல்லாமல் செய்து விற்றார்கள். அதே காலத்து கேனனெட் மாதிரி கேமராக்கள் வைத்திருப்பவர்கள் இன்று தடை செய்யப்பட்டுவிட்ட 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கு மாற்றுத் தேடி அலைகிறார்கள். உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை.

அடுத்தது 22. டிரிப்பின் பின்கதவைத் திறந்தால் எண் தானாகவே ஆரம்பத்துக்குப் போய்விடும். 22-இல் நிற்கிறது என்றால் அப்பா அந்தப் படங்களை எடுத்த பிறகு அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. ஆகவே நீங்களும் திறக்காதீர்கள். ரோல் இருக்கிறதா என்று பார்க்க, மேலே இடதுபக்கம் இருக்கும் சுருட்டும் குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மெதுவாக, மிக மெதுவாகத் திருப்புங்கள். கொஞ்சம் திரும்பியதும் இறுக்கம் தெரிந்தால் ஃபிலிம் இருக்கிறது.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். எந்த வளையத்தையும் திருப்புவதற்கு முன்னால் ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏஎஸ்ஏ எண் (ஃபிலிமின் வேகம், அதாவது அது வெளிச்சத்தைப் பிடிக்கும் திறன்), தூரம் காட்டும் படக்குறி இரண்டும் முக்கியம். உங்கள் அப்பா கடைசியாக வைத்துவிட்டுப் போன இடம் அது.

மணல்வீடு

மீதி 14 படத்தையும் நீங்களே எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அப்பா பாதி, மகள் பாதி, ஒரே ரோலில். இதைவிட அழகாக என்ன இருக்கிறது? என் பெரியப்பாவின் யாஷிகாவில் இருந்த ரோலை நான் அப்படித்தான் முடித்தேன், சில படங்கள் நன்றாகவே வந்தன.

பழைய ஸ்டூடியோ

மணல்வீடு தம்பி சொல்வதில் இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் இந்த ரோலுக்கு அது வேண்டாம். மதுரையில் பதினெட்டு வருடம் ஸ்டூடியோவில் வேலை பார்த்து, மினிலேப் (கடையிலேயே கழுவிப் பிரிண்ட் போடும் இயந்திரம்) வந்த பிறகு அதையும் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முப்பது வருடம் ட்ரங்குப் பெட்டியில், தஞ்சாவூர்ச் சீமை வெயிலில் கிடந்த ஃபிலிம் ஒரு சுருளாக இறுகிப்போயிருக்கும். ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் பல் துளை கிழியலாம், நடுவில் அறுந்தாலும் அறுந்துவிடும். அது மட்டுமில்லை. அந்த ஃபிலிமின் வேகம் இப்போது பாதிக்கும் கீழே போயிருக்கும், நீங்கள் எடுக்கும் 14 படமும் சாம்பலாகத்தான் வரும். அதற்காக அந்த 22-ஐப் பணயம் வைக்கக் கூடாது.

செய்ய வேண்டியது இதுதான் அம்மா. ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு உட்காருங்கள், ஏனென்றால் கதவின் ஓரத்தில் இருக்கும் நுரைப்பஞ்சு இத்தனை வருடத்தில் உதிர்ந்து, வெளிச்சம் உள்ளே கசிய இடம் இருக்கும். கேமராவின் அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை அழுத்திவிட்டு மேலே மடிந்திருக்கும் கைப்பிடியை விரித்து அம்புக்குறிப் பக்கம் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு விநாடி ஆகட்டும். வேகமாகச் சுற்றினால் காய்ந்த ஃபிலிமில் மின்பொறி தட்டி, நெகட்டிவில் மரக்கிளை மாதிரி கோடு விழும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முடியும் இடத்தில் சட்டென்று ஒரு இறுக்கம் வந்து விட்டுப்போகும், பிறகு குமிழ் லேசாக ஓடும். ஆனால் நாலைந்து சுற்றிலேயே லேசாகிவிட்டால் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது கதவைத் திறக்காமல், கேமராவையே கறுப்புத் துணியில் சுற்றி, இருட்டுப் பை (வெளிச்சம் படாமல் கையை உள்ளே விட்டு வேலை செய்யும் பை) வைத்திருப்பவரிடம் கொண்டுபோங்கள்.

கழுவுவது பற்றி: 96-இல் நம் ஊரில் விற்றது அநேகமாகக் கலர் நெகட்டிவ், அதாவது சி-41 முறை. 38 டிகிரி மருந்தில் 3 நிமிடம் 15 விநாடி, பிறகு பிளீச், ஃபிக்ஸ். புது ரோலுக்கு அது சரி. முப்பது வருட ரோலை அப்படிப் போட்டால் மூட்டமும் (படம் முழுக்கப் படியும் மங்கல்) கறுப்பும் சேர்ந்து, நிறம் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும். அதையே கறுப்பு வெள்ளை மருந்தில், ஹெச்சி-110 மாதிரி மூட்டம் குறைவாகத் தரும் டெவலப்பரில், கையால் கழுவினால் உருவம் தெளிவாக நிற்கும். நிறம் போய்விடும், அந்த முடிவை எடுத்துவிட்டால் திரும்பக் கலருக்கு வருவது பெரும்பாடு. ஆனாலும் முகம் தெரிய வேண்டும் என்றால் இதுதான் என் வழி. எதுவானாலும் இயந்திரத்தில் விட வேண்டாம். ஒரு தடவை ஒரு வாடிக்கையாளரின் பழைய ரோலை வெளியூர் லேப் ஒன்றுக்கு அனுப்பினோம், அவர்கள் இயந்திரத்தில் விட்டு நடுவில் அறுந்து, பாதிப் படம் மருந்துத் தொட்டிக்குள்ளேயே போய்விட்டது. அந்த மனிதர் எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஃபோன் செய்து, "கையால் கழுவுவீர்களா, பழைய ரோல் செய்திருக்கிறீர்களா" என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்று சொல்பவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஓடிய காலத்தில் அவர்கள் ‘இந்து’ என்ற பெயரில் விற்ற கறுப்பு வெள்ளை ரோல்களை வெறும் பிளாஸ்டிக் டாங்கில் நாங்களே கழுவுவோம். மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும், மதுரைக் குழாய்த் தண்ணீரோ சித்திரையில் கொதிக்கும். எதிர்க்கடையில் ஐஸ் வாங்கி வந்து வாளியில் போட்டு, தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துக்கொண்டே நிற்போம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கையால் கழுவுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, கவனம் இருந்தால் போதும்.

மணல்வீடு

சரி அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். என் பெரியப்பா ரோல் பத்து வருடம்கூட ஆகாதது. முப்பது வருடம் என்பது வேறு கணக்குதான்.

காவிரிக்கரை

நேற்று ராத்திரி செய்துவிட்டேன்! கரண்ட் இருக்கும்போதே எல்லா விளக்கையும் அணைத்து, ஜன்னலில் போர்வை தொங்கவிட்டு, அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சுற்றினேன். நீங்கள் சொன்ன மாதிரியே கடைசியில் ஒரு இழுப்பு, பிறகு லேசாகிவிட்டது. அறுபடவில்லை. திறந்து எடுத்த சுருளில் கோனிகா கலர் 100 என்று இருக்கிறது, சிஎன்கே-4 என்றும் போட்டிருக்கிறது, சி-41 என்று இல்லையே? வளையங்கள்: ஏஎஸ்ஏ 100, அப்பர்ச்சர் ஏ-வில் (ஆட்டோ), தூரம் இரண்டு பேர் நிற்கிற படக்குறியில்.

ரோலைக் கையால் கழுவும் ஒருவரிடம் அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டேன். காலிக் கேமராவை மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தேன், வெயிலில் கொடி வரவில்லை, ஷட்டர் அடிக்கிறது. உள்ளங்கையால் லென்ஸை மூடினால் கொடி வருகிறது. ஆனால் கதவின் பள்ளத்தில் தார் மாதிரி கறுப்பாகப் பிசுபிசுப்பு, விரலெல்லாம் ஒட்டுகிறது. இதில் புது ரோல் போட்டு நான் படம் எடுக்கலாமா? எவ்வளவு செலவாகும்?

இருட்டறை

சிஎன்கே-4 என்பது கோனிகா தன் ஃபிலிமுக்கு வைத்த பெயர், முறை சி-41-தான். கழுவுபவரிடம் சுருளைக் காட்டினாலே தெரிந்துகொள்வார்.

வெயிலில் கொடி வரவில்லை, மூடினால் வருகிறது என்றால் செல் உயிரோடு இருக்கிறது. ஆனால் எவ்வளவு உயிர் என்பது தனிக் கேள்வி. அதற்கு ஒரு சோதனை. பின்கதவைத் திறந்து வைத்து, லென்ஸை வானத்துக்குக் காட்டி, பின்னாலிருந்து லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டு ஷட்டரை அடியுங்கள். சூரியன் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், கண் போய்விடும். ஏஎஸ்ஏ 400-இல் வைத்தால் கணநேரம் தெரியும் ஓட்டை குண்டூசித் தலை அளவு இருக்க வேண்டும், 25-இல் வைத்தால் நன்றாகப் பெரிதாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவில் இருந்தால் அந்த ஓட்டையைத் திறந்து மூடும் இதழ்களில் எண்ணெய் ஏறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிரிப்பில் அடிக்கடி வரும் கோளாறு அதுதான். அதை நீங்களே கழற்ற வேண்டாம், பழைய கேமரா பார்க்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ஓட்டை மாறுகிறது, ஆனால் செல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்றாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. தளர்ந்த செல் வெளிச்சம் குறைவு என்று நினைத்து அதிகமாகத் திறந்துவிடும். கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தை நன்றாகவே தாங்கும், குறைவைத்தான் தாங்காது. போன் ஆப்பில் வெளிச்சம் அளந்து ஒப்பிட்டு, ஒரு படி (இரண்டு மடங்கு வெளிச்சம்) வித்தியாசம் என்றால் 200 ரோலைப் போட்டு ஏஎஸ்ஏ-வை 400-இல் வைத்துவிடுங்கள், கணக்கு நேராகிவிடும்.

தார் பிசுபிசுப்பு, அதுதான் பழைய நுரைப்பஞ்சு. பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பட்ஸை நனைத்துத் துடையுங்கள், துகள் ஷட்டர் பக்கம் விழாமல் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலை அழுத்திப் பதித்தாலே போதும், நான் ஆறு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். கீல் பக்கத்தில் மட்டும் மெல்லிய நுரைப்பட்டை ஒட்டுங்கள்.

செலவை மறைக்காமல் சொல்கிறேன். கடைசியாக நான் கோடாக் கோல்டு 200 ஒன்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன், கழுவி ஸ்கேன் செய்ய இன்னும் ஐந்நூறு. 36-ஆல் வகுத்தால் ஒரு கிளிக்குக்கு நாற்பது ரூபாய்க்கு மேல். விலை குறைவாகக் கிடைக்கிறது என்று சினிமா ஃபிலிமை வெட்டிச் சுருட்டிய ரோல் வாங்கினால் ஜாக்கிரதை. அதில் பல ரோல்களின் முதுகில் கரிப்பூச்சு இருக்கும், அதற்குத் தனி முறை உண்டு. சொல்லாமல் சாதாரண லேபில் கொடுத்தால் அவர்கள் மருந்தே கெட்டுப்போகும்.

பழைய ஸ்டூடியோ

தோல் உறையில் திரும்ப வைத்து மூடாதீர்கள் அம்மா. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஐப்பசி கார்த்திகை மழையில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும். டார்ச் அடித்துப் பாருங்கள், இப்போதே கொஞ்சம் இருந்தாலும் இருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, அதைவிட முக்கியமாக, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். வாங்கிய ரோலை ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஆனால் போடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்துவிடும்.

ரோல் போடும்போது ஒன்றே ஒன்று. கதவை மூடிச் சுற்றும்போது இடதுபக்கக் குமிழ் கூடவே திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் ஃபிலிம் ஓடுகிறது. திரும்பவில்லை என்றால் நுனி பிடிக்கவில்லை, அப்படியே 36 கிளிக் அடித்தாலும் ஒன்றும் இருக்காது. கல்யாண வீட்டில் இதைப் பார்க்காமல் விட்டு அடி வாங்கிய போட்டோகிராபர்களை எனக்குத் தெரியும்.

மணல்வீடு

விமானத்தில் போனால் ரோலை செக்-இன் பையில் போடவே கூடாது. கையில் வைத்துக்கொண்டு, புதிய சிடி (CT) ஸ்கேனர் இருக்கும் இடங்களில் கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அந்த வகை ஸ்கேனர் ஃபிலிமை மூட்டமாக்கும் என்று கோடாக்கே எச்சரித்திருக்கிறது. ஒளி ஊடுருவும் ஜிப் கவரில் போட்டு நீட்டினால் பார்ப்பவருக்கும் எளிது.

காவிரிக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ரோல் வந்துவிட்டது. கறுப்பு வெள்ளையாகவே கழுவச் சொன்னேன். 22-இல் 13 படத்தில் ஏதாவது தெரிகிறது, அதில் ஆறில் முகம் அடையாளம் தெரிகிறது. கதவுப் பக்கம் வெளிச்சம் கசிந்து ஓரமெல்லாம் வெளுத்திருக்கிறது. முதல் ஏழும் அப்பா எங்கோ செய்து கொடுத்த இரும்பு கேட், நாலு பக்கத்திலிருந்தும், அதில் மூன்று பற்றவைத்த மூட்டுகளின் கிட்டப் படம். கிட்டப் போனதால் மங்கல்தான், இந்தக் கேமரா ஒரு மீட்டருக்குள் பார்க்காது என்று இப்போது எனக்கே தெரிகிறது. பிறகு காதுகுத்து. மாமா மடியில் தம்பி வாயைத் திறந்து அழுகிறான், ஆசாரியின் கை மட்டும் அசைந்து போயிருக்கிறது.

இருட்டறை அண்ணா குறித்து வைக்கச் சொன்னது நல்லதாகப் போயிற்று. 22-வது படம், கடைசிப் படம், அந்த இரண்டு பேர் குறியில், ஒன்றரை மீட்டரில் எடுத்தது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து தாம்பாளத்தைத் துடைக்கிறார், பக்கத்தில் நான் பாவாடை சட்டையில், ஒரு கால் செருப்போடு. தாம்பாளத்தின் விளிம்பில் இருக்கும் கோலக் கொத்து வரைக்கும் தெரிகிறது. மீதிப் படங்கள் எப்படி இருந்தாலும் இது அவ்வளவு கூர்மை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அந்தத் தாம்பாளம் எங்கே இப்போ?" என்றுதான் முதலில் கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறோம்.

மெக்கானிக் இதழ்களைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டார், பள்ளத்தில் கம்பளி நூல் பதித்துவிட்டேன். கோல்டு 200 போட்டிருக்கிறேன், ஏஎஸ்ஏ 400-இல். சுற்றும்போது குமிழ் திரும்பியது, இரண்டு தடவை பார்த்தேன். ஒரு சந்தேகம்: சாயந்திரம் ஐந்தரைக்கு மேல் திண்ணையில் கொடி வந்துவிடுகிறது. ஃபிளாஷ் மாட்டாமல் சமாளிக்க வழி உண்டா?

இருட்டறை

400 வேக ரோல் போட்டு, படத்தில் இருக்க வேண்டியவரைத் திண்ணையின் வெளி விளிம்புக்கு நகர்த்துங்கள். செல் பார்ப்பது லென்ஸுக்கு முன்னால் இருப்பதைத்தான், பின்னணி இருட்டுச் சுவராக இருந்தால் கொடி சீக்கிரமே வரும். அதற்கும் மேல் என்றால் வளையத்தை ஏ-விலிருந்து எடுத்து 2.8-இல், அதாவது ஓட்டை முழுதாகத் திறக்கும் இடத்தில், வையுங்கள். வேகம் 1/40-க்குப் போய்விடும், கொடியும் தடுக்காது. தூணில் சாய்ந்து, மூச்சை விட்டுவிட்டு அழுத்துங்கள்.